இரண்டு தவணைத் தூக்கம்: இரவையும் மதியத்தையும் பங்குபோட்டுத் தூங்க முழு வழிகாட்டி

எங்கள் அப்பா 31 வருஷம் பேப்பர் ஏஜென்ட்டாக இருந்தவர். மதுரையில் அச்சாகும் கட்டுகள் வேனில் வந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் இறங்கும்போது மணி 3 ஆகியிருக்கும். அதற்கு முன்பே அவர் அங்கே நிற்க வேண்டும். கட்டை எண்ணி வாங்கி, இணைப்பைச் சொருகி, லைன் பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வராத பையனின் லைனைத் தானே போட்டுவிட்டு வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். இரவு 9.15க்குப் படுப்பார், 2.45க்கு எழுவார். மதியம் சாப்பிட்டுவிட்டு 1.30க்குப் பாயை விரித்தால் 3 மணிக்குத்தான் காபி கேட்கும் குரல் வரும். ஐந்தரையும் ஒன்றரையும் ஏழு மணி நேரம். இப்படித் தூங்குவதற்கு 'பைஃபேசிக்' என்று ஒரு பெயர் இருப்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்ததுதான் வினை. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது 'ஊபர்மேன்' என்ற முறையைப் பற்றி இணையத்தில் படித்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 நிமிஷம், ஒரு நாளைக்கு ஆறு தடவை, மொத்தத் தூக்கம் 2 மணி நேரம். மிச்சம் 22 மணி நேரமும் நமக்கே. ஆசை யாரை விட்டது? மூன்றாம் நாள் வரை வீரமாக ஓடியது. நான்காம் நாள் லேபில் நின்றபடியே கண் சொக்கி, கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே போட்டேன். ஐந்தாம் நாள் அலாரம் அடித்ததே தெரியவில்லை. 14 மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கி எழுந்தேன்.

இப்போது ஏஜென்சியை நான் பார்க்கிறேன், பகலில் வீட்டிலேயே டிடிபி வேலையும் உண்டு. ஆறு வருஷமாக அப்பாவின் அதே இரண்டு தவணைதான். ஹாஸ்டல் கூத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்கூடக் கணக்குதான். தூக்கத்தை வகுக்கலாம், கழிக்க முடியாது. நேரத்தை மிச்சம் பிடிக்க வழி தேடி வந்தவர்களுக்குக் கீழே ஒன்றும் கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு இது, யாருக்கு வேண்டாம்

பிழைப்பு இரவின் நடுவே கையை வைக்கிறது என்றால் உங்களுக்கு இது உதவும். மொட்டு விரிவதற்கு முன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், காய்கறி மார்க்கெட்டில் லாரி இறக்குகிறவர்கள், பால்காரர், டீக்கடை மாஸ்டர், அமெரிக்க நேரத்தில் வேலை பார்க்கும் ஐடிக்காரர்கள் எல்லாரும் இதில் அடக்கம். ரமலான் மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து படுத்து, விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, அப்புறம் மீதியைத் தூங்கும் குடும்பங்களும் இதைத்தான் செய்கின்றன. அங்கே மதியச் சிறு துயிலுக்குக் 'கைலூலா' என்ற பெயரும் நபிவழி மரபும் உண்டு.

காலை 9 முதல் மாலை 6 வரை ஆபீஸ், மதியம் தலைசாய்க்க இடமில்லை, இரவு நிம்மதியாக ஏழெட்டு மணி நேரம் தூங்க முடிகிறது என்றால் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். நன்றாக ஓடும் வண்டியைப் பிரித்துப் பார்ப்பானேன்?

வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. தூக்கக் குறைவே வலிப்பைக் கிளப்பிவிடும். இருமுனை மனநிலைப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், தூக்கம் கெட்டால் மனம் எல்லை மீறிக் கிளம்பிவிடக்கூடும். இரவில் தூக்கமே வராமல் தவிப்பவர்கள் பகலில் தூங்கினால் இரவு இன்னும் மோசமாகும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். கர்ப்பிணிகள், 18 வயது ஆகாதவர்கள், தொழிலாக வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோரும் தாங்களாகச் சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

உடம்பு போடும் இரண்டு கணக்கு

இது புரியாவிட்டால் கீழே சொல்லும் நேரங்கள் எல்லாம் ஜோசியம் மாதிரி இருக்கும். எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அலெக்சாண்டர் போர்பெலி என்ற விஞ்ஞானி 1982இல் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று கடன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால் தீரும். இரண்டாவது கடிகாரம். கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து, வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டு, ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் 'இப்போது விழி', 'இப்போது படு' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கடன் எவ்வளவு ஏறியிருந்தாலும் கடிகாரம் விடாத நேரங்கள் உண்டு. வழக்கமாக 11 மணிக்குப் படுப்பவரை எட்டரைக்குப் படுக்கச் சொல்லுங்கள், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். வழக்கமான படுக்கை நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் கடிகாரம் விழிப்பைத்தான் உச்சத்தில் வைத்திருக்கும். இஸ்ரேலின் தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி இதற்கு வைத்த பெயரே 'தூக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி'. மதியம் 1 முதல் 3 வரை நிலைமை தலைகீழ். அப்போது விழிப்பு கொஞ்சம் சறுக்கும். 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்று சோற்றின் மேல் பழி போடுகிறோம். ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் அந்தச் சறுக்கல் வரத்தான் செய்கிறது. சோறு அதைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் தவணைக்கு இயற்கையே ஒதுக்கி வைத்த இடம் இது.

தூக்கத்துக்குள்ளும் சுற்றுகள் உண்டு. ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிஷம். ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில் அதிகம், கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். 2.45க்கு எழுபவருக்கு ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் கிடைத்துவிடும், வெட்டுப்படுவது கனவுப் பங்குதான். மதியத் தவணை நீளமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

பகுத்துத் தூங்கினால் மூளை மழுங்காதா? விண்வெளிப் பயணிகளுக்காக இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரவில் ஒரு பெரிய பங்கு, பகலில் ஒரு சிறிய பங்கு என்று பலவிதமாகப் பிரித்துத் தூங்கவைத்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. எப்படிப் பிரித்தார்கள் என்பதைவிட, 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு என்பதுதான் மறுநாள் கவனத்தைத் தீர்மானித்தது. அப்பாவின் ஏழு மணி நேரக் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

'முன்னோர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்ற பேச்சு

பாதி உண்மை. ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பழைய ஐரோப்பிய ஆவணங்களில் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்ற சொற்கள் சாதாரணமாகப் புழங்கியதைக் காட்டினார். நடுவில் எழுந்து பிரார்த்தனை செய்வார்கள், அடுப்பைப் பார்ப்பார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள். தாமஸ் வேர் என்ற ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட சோதனையில், தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைக்கப்பட்டவர்களுக்குச் சில வாரங்களில் தூக்கம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் 2015இல் ஜெரோம் சீகல் என்ற தூக்க ஆய்வாளரின் குழு, மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களைத் தான்சானியாவிலும் நமீபியாவிலும் பொலிவியாவிலும் பார்த்தபோது, பெரும்பாலும் இரவில் ஒரே மூச்சாகத்தான் தூங்கினார்கள். ஆகவே மனித உடம்பு இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும். முன்னோர் பெயரைச் சொல்லி எதையும் நிறுவ வேண்டியதில்லை.

2 மணி நேரக் கதைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இரண்டு வருஷம் அப்படித் தூங்கியதாக 1943இல் டைம் பத்திரிகை எழுதியது. அவரும் கடைசியில் விட்டுவிட்டார், கூடத் தொழில் செய்தவர்கள் மற்ற மனிதர்களைப் போல்தான் தூங்குவோம் என்று அடம்பிடித்ததால்! தூக்க ஆய்வாளர் கிளாடியோ ஸ்டாம்பி, தனியாகக் கடல் கடக்கும் பாய்மரப் படகுக்காரர்களுக்குத் துண்டு துண்டாகத் தூங்கப் பயிற்சி கொடுத்தவர். 2005இல் 71 நாளில் உலகைச் சுற்றிய எல்லன் மெக்கார்தரும் அவரிடம் ஆலோசனை பெற்றவர்தான். ஆனால் அது, விழித்தால்தான் உயிர் பிழைக்கும் இடத்தில் சில வாரங்களுக்கான உத்தி. 2021இல் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை கூட்டிய நிபுணர் குழு கிடைத்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, இப்படிக் குறைத்துத் தூங்கும் முறைகளால் பலன் ஏதும் இல்லை, கேடுதான் என்று சொல்லி, வேண்டாம் என்றது. என் கண்ணாடிக் குடுவை அதற்கு வெகு முன்பே சொல்லிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: உங்கள் மொத்தம் எவ்வளவு?

ஒரு நோட்டில் 14 நாள் எழுதுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம். அதில் ஒரு வாரமாவது அலாரம் இல்லாத நாள்களாக அமைந்தால் நல்லது, லீவு சமயம் வசதி. முதல் மூன்று நாலு நாள் பழைய கடனைத் தீர்ப்பதால் அதிகம் தூங்குவீர்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பின் வரும் சராசரிதான் உங்கள் மொத்தம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. உங்கள் நோட்டு 6 என்று காட்டினால் நோட்டை நம்பாதீர்கள், இன்னும் ஒரு வாரம் எழுதுங்கள்.

இன்னொன்று. இரண்டு தவணை என்றால் இரண்டு வட்டி. படுத்துக் கண் அயர ஒவ்வொரு தடவையும் 15, 20 நிமிஷம் போகும், எழுந்த மந்தம் தெளிய இன்னொரு 15 நிமிஷம் போகும். 7 மணி நேரத் தூக்கத்துக்குப் படுக்கையில் ஏழரையைத் தாண்டி ஒதுக்க வேண்டும். ஒற்றைத் தூக்கத்தைவிட இது நேரத்தைக் கூடத்தான் தின்னும்.

படி 2: நங்கூரத்தைப் போடுங்கள்

1980களின் தொடக்கத்தில் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 'நங்கூரத் தூக்கம்' என்று ஒன்றைச் சொன்னார்கள். தினமும் ஒரே நேரத்தில் வரும் 4 மணி நேரத் தூக்கம் இருந்தால், மீதித் தூக்கம் அங்கே இங்கே அலைந்தாலும் உடம்பின் கடிகாரம் கலையாது. மற்றவற்றை மறந்தாலும் இந்தப் படியை மறக்காதீர்கள்.

என் நங்கூரம் 9.15 முதல் 2.45 வரை. கல்யாணமோ திருவிழாவோ அது அசையாது. பேப்பர் வராத நாள் வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியது. அன்றும் அதே நேரத்துக்குத்தான் படுக்கிறேன். மறுபடி தூக்கம் வந்தால் கூடுதலாகத் தூங்கிக்கொள்கிறேன். ஐடிக்காரர்கள் செய்யும் தவறு இதில்தான். வாரத்தில் ஐந்து நாள் விடிகாலை நாலரைக்குப் படுத்துவிட்டு, சனி ஞாயிறு இரவு 11 மணிக்குப் படுப்பார்கள். வாரா வாரம் வெளிநாடு போய்த் திரும்புவது மாதிரி அது. லீவு நாளில் அதிகாலை 3 மணிக்குப் படுத்து நண்பகல் வரை தூங்கினால், 4.30 முதல் 8.30 வரை என்ற நாலு மணி நேரமாவது வேலை நாளோடு பொருந்தும்.

படி 3: எந்த வடிவம்?

மூன்றுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரவு ஆறரை மணி நேரம், மதியம் 20 நிமிஷம். காலை 5 மணிக்கு எழும் டீக்கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் தாய் ஆகியோருக்கு இதுவே போதும். எளிதும்கூட.

இரவு ஐந்தரை, மதியம் ஒன்றரை. எங்கள் வீட்டு வடிவம். 2, 3 மணிக்கு எழ வேண்டியவர்களுக்கு.

ஏறத்தாழ ஐந்தும் இரண்டும். மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை வேலை என்றால் 4.30 முதல் 9.30 வரை பெரிய தவணை, மதியம் 2 முதல் 4 வரை சிறியது. ஜன்னலுக்குக் கெட்டியான திரை அவசியம். விடிந்தபின் தூங்குவதால் சூரியன் உங்களுக்கு எதிரி. பெரிய தவணை விடியலுக்கு எவ்வளவு முன்னால் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மூன்று, நாலு, ஆறு தவணை என்று போகும் வடிவங்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு வேறு வழியில்லை, பிள்ளை தூங்கும்போது தூங்கத்தான் வேண்டும். அவருக்கும் ஒரு நாலு மணி நேர நங்கூரம் கிடைக்கும்படி வீட்டில் ஒருவர் பிள்ளையை வாங்கிக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

படி 4: நாலு வாரத்தில் நகர்த்துவது

11 முதல் 6 வரை தூங்கும் ஒருவர் எங்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாளை முதல் 9.15க்குப் படுத்துவிடலாம் என்று நினைத்தால், மேலே சொன்ன தடைப்பகுதியில் போய் முட்டுவார். இரண்டு நாளுக்கு 15 நிமிஷம் என்ற வேகம்தான் உடம்புக்குப் பிடிக்கும்.

முதல் வாரம், 11 முதல் 5.30 வரை. மதியம் 1.30க்குப் படுக்கையில் 25 நிமிஷம். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். இந்த வாரத்தின் வேலை, அந்த நேரத்துக்கு உடம்பைப் பழக்குவது மட்டும்தான்.

இரண்டாம் வாரக் கடைசியில் 10.30 முதல் 4.30. மதியம் 1.30 முதல் 3 வரை படுக்கையை ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் 10 முதல் 3.30. மதியம் அதேதான். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். காலை பத்து மணிக்கே கொட்டாவி வரும், எரிச்சல் வரும். முன்னே போகாமல் இன்னும் ஒரு வாரம் இதே நேரத்தில் நின்றாலும் தப்பில்லை.

நான்காம் வாரக் கடைசியில் 9.15 முதல் 2.45.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். உடம்பின் வெப்பம் ஒரு நாளில் மிகத் தாழும் புள்ளி, சாதாரணமாக விடியலுக்குச் சற்று முன்னால் வரும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும், அதாவது அன்றிரவு சீக்கிரம் தூக்கம் வரும். அதற்கு முன்னால் படும் பலத்த வெளிச்சம் பின்னே இழுக்கும். முதல் வாரங்களில் நான் எழுந்ததுமே ஹாலில் எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, மொபைலையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போனது. பழகும் வரை ஒரு சின்ன மஞ்சள் பல்பு போதும். 6 மணிக்கு மேல் வெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள். சாயங்காலம் ஏழரைக்கு மேல் வீட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

படி 5: மதியத் தவணை

பகலில் தூங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள் நம் பக்கம். சித்த மருத்துவமும் பகல் தூக்கம் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆயுர்வேதம் கோடைக்கும், இரவு கண்விழித்தவர்கள் போன்ற சிலருக்கும் விலக்குக் கொடுக்கிறது. இரவு முழுக்கத் தூங்கியவனுக்குச் சொன்னது அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 2.45க்கு எழுந்தவனுக்குப் பொருந்தாது.

நேரம்: ஒன்று 20 நிமிஷம், இல்லை 90. நடுவே 45, 60 நிமிஷத்தில் அலாரம் வைத்தால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்பியது போலிருக்கும். நாக்கு தடிக்கும், எந்த ஊர், என்ன கிழமை என்று தெரியாது. 20 நிமிஷம் அற்பம் என்று நினைக்காதீர்கள். நாசா நடத்திய ஆய்வில், நெடுந்தூர விமானிகளுக்கு முறைவைத்து 40 நிமிஷம் ஓய்வு கொடுத்தார்கள், அவர்கள் தூங்கியது சராசரியாக 26 நிமிஷம். ஓய்வில்லாத விமானிகளைவிட அவர்களின் விழிப்பும் செயலும் தரையிறங்கும் நேரம் வரை தெளிவாக இருந்தன.

சாப்பாடு: முதலில் பாதி வயிறு, எழுந்தபின் மீதி. முழுச்சாப்பாடு சாப்பிட்டு உடனே மல்லாந்தால் நெஞ்சு எரியும். அப்பா 12.30க்கே சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கணக்கு நோட்டுப் பார்ப்பார், சந்தா பாக்கியைப் பார்த்தால் யாருக்கும் தூக்கம் வரும் என்பார்.

இடம்: எப்போதும் ஒரே இடம். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டு மூலை, பாய், தலையணை, கண்ணை மறைக்க ஒரு ஈரிழைத் துண்டு. ஃபேன் சத்தமே வெளியே கேட்கும் சத்தத்தை மறைத்துவிடும். கரண்ட் போனால் தூக்கமும் போகும், சித்திரையில் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

20 நிமிஷக்காரர்களுக்கு ஒரு தந்திரம்: படுப்பதற்குச் சற்று முன் அரைக் கப் காபி. அது வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும். எழும்போது சரியாகத் தூக்கிவிடும். 90 நிமிஷக்காரர்கள் இதைச் செய்யாதீர்கள்.

எப்படியும் 4 மணிக்கு மேல் படுக்கையில் இருக்கக்கூடாது. அதற்கு மேல் தூங்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் இரவு தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும்.

படி 6: இரவுத் தவணையைக் காப்பது

மதியம் ஒரு பிரச்சினையும் இல்லை, ஊரே அடங்கிக் கிடக்கும். இரவு 9.15தான் யுத்தம். சீரியல், பிள்ளைகளின் ஹோம்வொர்க், பக்கத்து வீட்டு பிறந்தநாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளறையில் படுக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் இரண்டு இட்லியோடு முடிந்துவிடும்.

காபியின் வீரியம் பாதியாக ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும். அப்பாவின் 3 மணிக் காபி அவருக்கு ஒத்துக்கொண்டது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பத்தரை வரை புரண்டேன். இப்போது கடைசிக் காபி காலை 10 மணிக்கு. மூன்று மணிக்குச் சுக்குத் தண்ணீர்.

படி 7: வீட்டோடு ஒரு ஒப்பந்தம்

அப்பாவின் தூக்கம் இத்தனை ஒழுங்காக நடந்ததற்கு அம்மா காரணம். 2.45க்கு அவரும் எழுந்து டீ போடுவார். ஏஜென்சிக்கு வரும் போன்களையும் அவரே எடுப்பார். மதியம் ஒன்றரைக்கு அப்பா படுத்ததும், யாரும் பெல் அடித்துவிடக் கூடாது என்று வாசலில் உட்காருவார். அவருக்கு இரண்டாம் தவணை கிடைக்கவே இல்லை. இது எனக்கு உறைத்தது, ஒரு நாள் அவர் அரிவாள்மனையில் கையை வெட்டிக்கொண்டபோது. வீட்டில் ஒருவர் தூக்கத்தை மாற்றினால் இன்னொருவரின் தூக்கமும் சேர்ந்து உடையும். படி 1இல் சொன்ன நோட்டில் அவருக்கும் ஒரு பத்தி போடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஃபிளாஸ்க்கில் டீ முந்தின இரவே தயார். யாரும் எனக்காக எழுவதில்லை. பெல்லுக்கு மதியம் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். மொபைலில் இரண்டே எண்கள் மட்டும் ஒலிக்கும்.

படி 8: உடம்பு ஏற்கிறதா?

'எனக்குப் பழகிவிட்டது' என்ற பேச்சை நம்பாதீர்கள், உங்கள் வாயிலிருந்து வந்தால்கூட. 2003இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 14 நாள் 6 மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்க விழித்தவர்கள் அளவுக்கு விழுந்தது. அவர்களோ கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளவுகோல் வெளியே இருக்க வேண்டும்.

தூக்க ஆய்வின் முன்னோடி நதானியேல் கிளைட்மேன் பெயரில் சொல்லப்படும் ஒரு சோதனை வீட்டிலேயே செய்யக்கூடியது. மதியம் படுக்கும்போது ஒரு ஸ்பூனைப் பிடித்துக் கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கீழே எவர்சில்வர் தட்டு. மணியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். தூக்கம் வந்ததும் ஸ்பூன் விழும், சத்தத்தில் விழிப்பீர்கள். 5 நிமிஷத்துக்குள் விழுந்தால் கடன் ஏறிக் கிடக்கிறது. 15 நிமிஷம் தாண்டினால் நல்ல நிலை. வாரம் ஒரு தடவை போதும், தினமும் செய்தால் வீட்டில் தட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

மற்ற அறிகுறிகள்: பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை சாமியாடுவது, படித்த வரியையே மறுபடி படிப்பது, அடிக்கடி சளி, காரணமில்லாத கோபம். பேப்பர் கட்டு எண்ணும்போது இரண்டு நாள் தொடர்ந்து எண்ணிக்கை தப்பினால் நான் அன்று இரவு எட்டே முக்காலுக்கே படுத்துவிடுவேன்.

வண்டி விஷயத்தில் விளையாட வேண்டாம். விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் உடம்பு மிகத் தாழ்ந்து கிடக்கும். எழுந்த 20, 30 நிமிஷம் மூளை பாதிதான் வேலை செய்யும். அப்பா ஒரு மார்கழியில் எழுந்த கையோடு மொபெட்டை எடுத்து, கண் அசந்து, ரோட்டோரம் கொட்டியிருந்த மணலில் போய்ச் சரிந்தார். ஜல்லியாக இருந்திருந்தால் தெரியும் சேதி. இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்: முகம் கழுவி, டீ குடித்து, பத்து நிமிஷம் நடந்த பிறகுதான் சாவி.

ஒரு மதியம் தவறிப்போனால்? மாலை 6 மணிக்கு அதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். 4 மணிக்குள் முடிந்தால் 20 நிமிஷம், முடியாவிட்டால் இரவு அரை மணி நேரம் முன்னால் படுங்கள். தொடர்ந்து மூன்று நாள் தவறுகிறது என்றால் உங்கள் வாழ்க்கையில் மதியத் தவணைக்கு இடமில்லை. வேலை நேரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆறு வாரம் ஆகியும் இந்த அறிகுறிகள் போகவில்லை என்றாலும், இரவில் மூச்சுத் திணறி எழுந்தாலும் டாக்டரிடம் போங்கள். போகும்போது நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

பழைய தூக்கத்துக்குத் திரும்ப

வந்த வழியே, ஆனால் மதியத்திலிருந்து தொடங்க வேண்டும். 90 நிமிஷத்தை முதல் வாரத்திலேயே 20 ஆக்கிவிடுங்கள். கடன் சேர்ந்து இரவுத் தூக்கம் தானே நீளத் தொடங்கும். அப்புறம் படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கு 15 நிமிஷம் தள்ளிப்போடுங்கள். பின்னால் தள்ளுவது முன்னால் இழுப்பதைவிடச் சுலபம். சாயங்கால வெயிலும் வெளிச்சமும் இப்போது நண்பர்கள். விடிகாலை விழித்துக்கொண்டால் லைட்டைப் போடாமல் படுத்தே கிடங்கள்.

வயதானவர்களுக்கு இது மெதுவாகத்தான் நடக்கும். அப்பா ஓய்வு பெற்று முதல் எட்டு மாதம் 2.45க்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து வேன் சத்தத்துக்குக் காது கொடுத்தார். இப்போது மதியம் 20 நிமிஷம், இரவு பத்து மணிக்குப் படுக்கை, எழுவது நாலரைக்கு. நான் லைனை முடித்துவிட்டு வரும்போது பேப்பரில் பாதியைப் படித்திருப்பார்.